கோவிந்தப்ப வெங்கடசாமி

மருத்துவர் கோவிந்தப்ப வெங்கடசாமி (அக்டோபர் 1, 1918 - ஜூலை 7, 2006) தமிழ்நாட்டைச் சேர்ந்த புகழ்பெற்ற கண் அறுவை மருத்துவர் ஆவார். மதுரையில் அரவிந்த் கண் மருத்துவமனையை நிறுவியவர். உடன் பணியாற்றியோரால் டாக்டர் வி என்று அழைக்கப்பட்டார். முடக்குவாதத்தால் விரல்கள் உருக்குலைந்த நிலையிலும் தம் வாழ்நாளில் ஓரிலட்சத்துக்கும் மேற்பட்ட கண் அறுவைச் சிகிச்சைகளைச் செய்தவர். இவருடைய இறுதி ஆண்டுகளில் தேனி அரவிந்த் மருத்துவமனையைச் சுற்றி அமைக்கப்பட்ட கம்பியில்லாக் கணினி வலையமைப்பு, ஊர்ப்புற மருத்துவத்துக்குக் கணினி வலையமைப்பைப் பயன்படுத்தியதில் குறிப்பிடத்தக்க முன்னோடி முயற்சிகளுள் ஒன்றாகும்.

பிறப்பும் கல்வியும்

வெங்கடசாமி இன்றைய தூத்துக்குடி மாவட்டத்தில் எட்டயபுரத்துக்கு அருகில் உள்ள வடமலாபுரம் என்னும் சிற்றூரில் வேளாண் குடும்பத்தில் பிறந்தார். உடன்பிறந்தோருள் இவரே மூத்தவர். அக்காலத்தில் ஊர்ப் பள்ளியில் தாளோ எழுதுகோலோ இல்லை. ஆற்று மணலைப் பரப்பி அதில் விரலால் எழுதியே மாணவர்கள் எழுத்துக் கற்றனர். பின்னர் மதுரை அமெரிக்கன் கல்லூரியில் பயின்று 1938 இல் வேதியியலில் இளங்கலைப் பட்டம் பெற்றார். 1944 இல் சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் மருத்துவப் பட்டம் பெற்றார்.

இளமையில் இவருடைய உறவுப் பெண்கள் மூவர் பேறுகாலச் சிக்கல்களால் அடுத்தடுத்து இறந்தனர். அதனால் மகப்பேறு மருத்துவராக வேண்டும் என்பதே இவருடைய முதல் விருப்பமாக இருந்தது.

நோயும் துறை மாற்றமும்

படிப்பு முடிந்ததும் இந்திய இராணுவ மருத்துவப் படையில் சேர்ந்தார். அப்பணியில் இருந்தபோது கடுமையான முடக்குவாதம் இவரைத் தாக்கியது. 1948 இல் இராணுவப் பணியிலிருந்து விடுவிக்கப்பட்டார். நீண்ட காலம் படுக்கையிலேயே கிடந்தார். கை, கால் மூட்டுகள் வீங்கி, விரல்கள் நிலையாகக் கோணின. நிற்பதும் நடப்பதும் பெருந்துன்பமாக இருந்த நிலையில் மகப்பேறு மருத்துவம் கைகூடாது போயிற்று.

பின்னர் கண் மருத்துவத்தைத் தேர்ந்தெடுத்தார். 1951 இல் கண் மருத்துவத்தில் பட்டயமும், 1954 இல் அறுவை மருத்துவத்தில் முதுகலைப் பட்டமும் பெற்றார். கோணிய விரல்களால் அறுவைக் கத்தியைப் பிடிக்கத் தாமே பயின்றுகொண்டார். நுண்மை மிகுந்த கண்புரை அறுவையில் தேர்ச்சி பெற்று, ஒரே நாளில் நூறு வரையிலான அறுவைகளைச் செய்யும் அளவுக்கு உயர்ந்தார்.

அரசுப் பணி

1956 இல் மதுரை மருத்துவக் கல்லூரியில் கண் மருத்துவத் துறைத் தலைவராகவும், அரசு எர்ஸ்கின் மருத்துவமனையில் (பிற்கால இராசாசி மருத்துவமனை) கண் அறுவை மருத்துவராகவும் பொறுப்பேற்றார். இருபது ஆண்டுகள் அங்குப் பணியாற்றினார்.

இந்தியாவில் பார்வையிழந்தோரில் பெரும்பாலோர் கண்புரையால் பாதிக்கப்பட்டவர்கள். எளிய அறுவையினால் பார்வையை மீட்கக்கூடிய நோய் இது. ஆயினும் நோயாளி ஊரிலும் மருத்துவர் நகரத்திலும் இருந்தமையால் பலர் வாழ்நாள் முழுவதும் இருளிலேயே இருந்தனர். இந்த இடைவெளியைக் குறைக்க 1960களில் மருத்துவர் குழுவுடன் ஊர்களுக்கே சென்று நடமாடும் கண் மருத்துவ முகாம்களை நடத்தினார். 1966 இல் பார்வையற்றோருக்கான மறுவாழ்வு மையத்தையும், 1973 இல் கண் மருத்துவ உதவியாளர் பயிற்சித் திட்டத்தையும் தொடங்கினார். மருத்துவர் மட்டுமே செய்யவேண்டிய பணிகளை மருத்துவரிடம் விட்டு, ஏனையவற்றைப் பயிற்சி பெற்ற உதவியாளரிடம் ஒப்படைப்பது இவருடைய முறையாகும்.

அரவிந்த் கண் மருத்துவமனை

1976 இல் அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்றதும் கோவெல் அறக்கட்டளையை நிறுவி, மதுரை அண்ணா நகரில் ஒரு வீட்டில் 11 படுக்கைகளுடன் மருத்துவமனையைத் தொடங்கினார். தாம் பின்பற்றிய ஸ்ரீ அரவிந்தரின் பெயரை அதற்குச் சூட்டினார். தங்கை நாச்சியார், அவர் கணவர் நம்பெருமாள்சாமி உள்ளிட்ட உறவினர்கள் முதல் மருத்துவர்களாகச் சேர்ந்தனர். வீட்டை அடகு வைத்தும் நகைகளை ஈடு வைத்தும் தொடக்க காலச் செலவுகள் ஈடுகட்டப்பட்டன.

கட்டணம் செலுத்த இயன்றவரிடம் பெறும் வருவாயைக் கொண்டு இயலாதவருக்கு இலவசமாகச் சிகிச்சை அளிப்பது மருத்துவமனையின் அடிப்படைக் கொள்கையாக இருந்தது. எந்தக் கிளையிலும் ஒரே தரத்தில் உணவு வழங்கும் அமெரிக்க விரைவுணவுக் கடைகளின் செயல்முறை வெங்கடசாமியைக் கவர்ந்தது. அவ்வாறே கண்புரை அறுவையையும் ஒழுங்குபடுத்தப்பட்ட படிகளாகப் பிரித்து, ஒரு மருத்துவர் குறைந்த நேரத்தில் பலருக்கு அறுவை செய்யும் முறையை வகுத்தார். மதுரையைத் தொடர்ந்து தேனி, திருநெல்வேலி (1988), கோயம்புத்தூர் (1997), புதுச்சேரி (2003) ஆகிய இடங்களிலும் மருத்துவமனைகள் எழுந்தன.

கண்ணுக்குள் பொருத்தும் செயற்கை வில்லைகள் அக்காலத்தில் வெளிநாட்டிலிருந்தே வந்தன. ஏழைகளால் அவற்றை வாங்க இயலவில்லை. இக்குறையைப் போக்க 1992 இல் மதுரையில் ஆரோலேப் என்னும் உற்பத்தி நிலையம் தொடங்கப்பட்டது. ஏறத்தாழ நூறு டாலர் விலையில் இருந்த வில்லை, காலப்போக்கில் அதன் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவான விலையில் கிடைத்தது.

தேனியும் கம்பம் பள்ளத்தாக்கும்

தேனி மாவட்டம் 1996 இல் மதுரை மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டது. மேற்கே ஏலமலைக்கும் கிழக்கே மேகமலை, வருசநாட்டு மலைகளுக்கும் நடுவே அமைந்தது கம்பம் பள்ளத்தாக்கு. முல்லைப் பெரியாற்று நீரால் நெல், திராட்சை, வாழை, தென்னை ஆகியவை இங்கு விளைகின்றன. சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம், கூடலூர் ஆகியவை பள்ளத்தாக்கின் முக்கிய ஊர்கள். மக்களில் பெரும்பாலோர் உழவர்களும் தோட்டத் தொழிலாளர்களும் ஆவர்.

தேனி நகரிலிருந்து மதுரை ஏறத்தாழ 75 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. கம்பத்திலிருந்து தேனிக்கு வருவதற்கே 40 கிலோமீட்டர் பயணம் செய்யவேண்டும். பார்வை மங்கிய முதியவர் தனியே பயணம் செய்ய இயலாது. துணைக்கு வருபவரும் அன்றைய கூலியை இழக்க நேரிடும். எனவே கண்ணாடி ஒன்றே போதுமான குறைபாட்டுக்குக்கூடப் பலர் மருத்துவரை நாடவில்லை. 1980களின் நடுப்பகுதியில் தேனியில் தொடங்கப்பட்ட அரவிந்த் கிளை மருத்துவமனை இத்தொலைவை ஓரளவு குறைத்தது.

பார்வை மையங்கள்

தென் தமிழ்நாட்டு ஊர்ப்புறங்களில் நடத்தப்பட்டு 1999 இல் வெளியான ஓர் ஆய்வு, கண் குறைபாடு உடையோரில் ஏறத்தாழ 7 விழுக்காட்டினரே முகாம்களுக்கு வந்தனர் என்று கண்டறிந்தது. முகாம் முறையின் முன்னோடியான வெங்கடசாமியின் நிறுவனம் இம்முடிவைப் புறக்கணிக்கவில்லை. ஆண்டுக்கு ஓரிரு நாள் நடக்கும் முகாமுக்கு மாற்றாக, ஆண்டு முழுவதும் திறந்திருக்கும் சிறிய பார்வை மையங்களை அமைக்கும் திட்டம் உருவானது.

ஒவ்வொரு ஊரிலும் ஒரு கண் மருத்துவரை அமர்த்துவது இயலாத செயல். எனவே பயிற்சி பெற்ற தொழில்நுட்பப் பணியாளர் மையத்தில் இருந்து கண்ணைப் பரிசோதிப்பார். பிளவு விளக்கு நுண்ணோக்கியில் பொருத்திய படக்கருவி கண்ணைப் படமெடுக்கும். தேனியில் இருக்கும் மருத்துவர் கணினித் திரை வழியாக நோயாளியுடன் பேசி, படத்தைப் பார்த்து முடிவு கூறுவார். அறுவை தேவைப்படுவோர் மட்டும் தேனிக்கு வந்தால் போதும்.

இதற்கு முன்பே மதுரை மாவட்டம் மேலூர் வட்டாரத்தில் இருந்த ஊர்ப்புற இணைய நிலையங்களிலிருந்து கண் படங்கள் மின்னஞ்சலில் அரவிந்துக்கு அனுப்பப்பட்டன. அது நல்ல தொடக்கம். ஆனால் அஞ்சலில் நோயாளியும் மருத்துவரும் நேருக்கு நேர் பேச முடியாது. நேரடி உரையாடலுக்குத் தேவையான வேகம் அன்றைய ஊர்ப்புறத் தொலைபேசி இணைப்புகளில் இல்லை.

தேனி கம்பியில்லா வலையமைப்பு

கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் பேராசிரியர் எரிக் புரூவர் தலைமையில் இயங்கிய ஆய்வுக்குழு, இன்டெல் நிறுவன ஆய்வாளர்களுடன் இணைந்து இச்சிக்கலுக்குத் தீர்வு காண முன்வந்தது. வீடுகளிலும் அலுவலகங்களிலும் சில பத்து மீட்டர் தொலைவுக்குப் பயன்படும் மலிவான வை-ஃபை கருவிகளைக் கொண்டே பல கிலோமீட்டர் தொலைவை இணைப்பது அக்குழுவின் நோக்கமாகும். 2005 இல் இந்திய அரசு 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் குறைந்த திறன் கருவிகளுக்கு உரிமம் தேவையில்லை என அறிவித்தது இத்தகைய முயற்சிகளுக்கு உதவியாக அமைந்தது.

அம்பாசமுத்திரம் (தேனி மாவட்டச் சிற்றூர்), போடிநாயக்கனூர், சின்னமனூர், பெரியகுளம், ஆண்டிபட்டி ஆகிய ஐந்து ஊர்களின் பார்வை மையங்கள் தேனி மருத்துவமனையுடன் இணைக்கப்பட்டன. வானலை நேர்கோட்டில் செல்ல வேண்டுமாதலால் மரங்களுக்கும் கட்டடங்களுக்கும் மேலே அலைவாங்கிகள் பொருத்தப்பட்டன. இதற்காக 24 முதல் 42 மீட்டர் உயரக் கோபுரங்கள் பயன்பட்டன. ஓர் இடத்தில் நெசவாலையின் புகைபோக்கியே கோபுரமாகப் பயன்பட்டது. மொத்தம் 11 திசைவிகளும் 9 இணைப்புகளும் இருந்தன. மிக நீண்ட இணைப்பின் தொலைவு ஏறத்தாழ 15 கிலோமீட்டர்.

பயன்படும் நெறிமுறைகள்

இரு கணினிகள் தகவல் பரிமாற வேண்டுமானால், எப்படித் தொடங்குவது, எப்படி முகவரியிடுவது, பிழை நேர்ந்தால் என்ன செய்வது என்பவற்றில் முன்கூட்டிய உடன்பாடு வேண்டும். இந்த உடன்பாடே நெறிமுறை எனப்படும். நெறிமுறைகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குகளாக அமைகின்றன. ஓர் அடுக்கு தனக்குக் கீழுள்ள அடுக்கின் பணியைப் பயன்படுத்துமே அன்றி, அது எவ்வாறு செய்யப்படுகிறது என்பதைப் பற்றிக் கவலைப்படுவதில்லை. தொலை மருத்துவத்துக்குப் பயன்படும் முக்கிய நெறிமுறைகள் பின்வருமாறு:

- ஐபி என்னும் இணைய நெறிமுறை: தகவல் சிறு பொதிகளாகப் பிரிக்கப்படுகிறது. ஒவ்வொரு பொதியிலும் அனுப்புநர், பெறுநர் முகவரிகள் எண்களாகக் குறிக்கப்படுகின்றன. வழியில் உள்ள திசைவிகள் முகவரியைப் பார்த்துப் பொதியை அடுத்த இணைப்புக்குத் தள்ளிவிடுகின்றன. பொதி போய்ச் சேரும் என்ற உறுதியை ஐபி அளிப்பதில்லை.
- டிசிபி: ஐபியின் மேலடுக்கில் இயங்குவது. பொதிகளுக்கு வரிசை எண் இட்டு, பெற்றதற்கான ஒப்புகையை எதிர்பார்க்கும். ஒப்புகை வராவிடில் மீண்டும் அனுப்பும். கண் படம், நோயாளி பதிவேடு போன்று ஓர் எழுத்தும் குறையக்கூடாத தகவல்களுக்கு ஏற்றது.
- யூடிபி: ஒப்புகையும் மறு அனுப்புகையும் இல்லாத எளிய நெறிமுறை. நேரடி ஒலி, ஒளி உரையாடலுக்கு ஏற்றது. பேச்சின் நடுவே ஒரு பொதி தொலைந்தால் படம் கணநேரம் கலங்கும். அதை மீண்டும் கேட்டுப் பெறுவதற்குள் பேச்சு அடுத்த சொல்லுக்குப் போயிருக்கும்.
- எஸ்எம்டிபி என்னும் எளிய அஞ்சல் பரிமாற்ற நெறிமுறை: மின்னஞ்சலை ஒரு வழங்கியிலிருந்து மற்றொன்றுக்குக் கொண்டு செல்வது. இணைப்பு இல்லாத வேளையில் அஞ்சலை வைத்திருந்து பின்னர் அனுப்பும்.
- வை-ஃபை: 1997 இல் வெளியான 802.11 செந்தரத்தை அடிப்படையாகக் கொண்டது. கம்பியின்றி ஒரே அலைவரிசையைப் பல கருவிகள் பகிர்ந்துகொள்ளும் விதியை வகுப்பது. மேற்கூறிய நெறிமுறைகள் அனைத்துக்கும் அடித்தளமாக அமைவது.

யூடிபி 1980 இலும், ஐபி, டிசிபி ஆகியவற்றின் நான்காம் பதிப்பு வரையறைகள் 1981 இலும், எஸ்எம்டிபி 1982 இலும் வெளியிடப்பட்டன. கண் மருத்துவத்தை எண்ணி இவற்றில் எதுவும் உருவாக்கப்படவில்லை. பொதுவான விதிகளாக இருந்தமையாலேயே எவரும் எப்பயனுக்கும் இவற்றை எடுத்தாள முடிந்தது.

தொலைவினால் எழுந்த சிக்கல்

வை-ஃபை விதிகளின்படி, கருவி ஒன்று அனுப்புவதற்கு முன் அலைவரிசையில் வேறு யாரும் அனுப்புகிறார்களா என்று கேட்டுப் பார்க்கும். அமைதியாக இருந்தால் அனுப்பும். பின்னர் ஒப்புகைக்காகச் சிறிது நேரம் காத்திருக்கும். வீட்டுக்குள் இம்முறை சிறப்பாக இயங்குகிறது. ஆனால் 15 கிலோமீட்டரைக் கடக்க வானலைக்கு ஏறத்தாழ 50 மைக்ரோநொடி ஆகும். போய்வர 100 மைக்ரோநொடி. ஒப்புகை வந்து சேருமுன்பே கருவியின் பொறுமை தீர்ந்து, சென்றடைந்த பொதியையே அது மறுபடியும் அனுப்பும். மேலும், மறுமுனை அனுப்பத் தொடங்கியதை இம்முனை உடனே அறிய இயலாமையால் பொதிகள் மோதிக்கொள்ளும். ஒரே கோபுரத்தில் பல அலைவாங்கிகள் இருக்கும்போது ஒன்று அனுப்புவது மற்றொன்றின் கேட்கும் திறனைக் கெடுக்கும்.

இவ்வாறு இழக்கப்படும் பொதிகள் டிசிபியையும் பாதிக்கும். பொதி இழப்பை நெரிசலின் அடையாளமாகக் கொண்டு டிசிபி தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்வதால், வெறுமையாக இருக்கும் இணைப்பிலும் தகவல் நத்தை வேகத்தில் செல்லும்.

பெர்க்லி குழுவினர் வன்பொருளை மாற்றாமல் வை-ஃபையின் விதியை மட்டும் மென்பொருள் வழியாக மாற்றினர். கேட்டுப் பார்த்து அனுப்பும் முறையை நீக்கி, நேரத்தைப் பகுதிகளாகப் பிரித்து, ஒரு முனை அனுப்பும்போது மறுமுனை கேட்கும்படி முறைவைத்தனர். முறைப்பாசனத்தில் ஒவ்வொரு வயலுக்கும் நேரம் குறித்து நீர் விடுவதை இதற்கு ஒப்பிடலாம். ஒவ்வொரு பொதிக்கும் தனித்தனி ஒப்புகை பெறுவதற்குப் பதிலாகப் பல பொதிகளுக்கும் சேர்த்து ஒரே ஒப்புகை பெறப்பட்டது. இம்முறை 2007 இல் ஆய்வுக் கட்டுரையாக வெளியிடப்பட்டது. வழக்கமான வை-ஃபையைவிட இரண்டு முதல் ஐந்து மடங்கு வரை வேகம் கிடைத்தது. மேலடுக்குகளான ஐபி, டிசிபி, யூடிபி ஆகியவற்றில் எம்மாற்றமும் தேவைப்படவில்லை. அடுக்கு முறையின் பயனுக்கு இது நல்ல சான்றாகும்.

மின்சாரமும் பராமரிப்பும்

நெறிமுறைச் சிக்கல் தீர்ந்த பின்னரும் வலையமைப்பு அடிக்கடி நின்றது. மின்னழுத்த ஏற்றத் தாழ்வுகளே இதற்குப் பெரும் காரணம் எனக் கண்டறியப்பட்டது. மின்னழுத்தம் திடீரென உயர்ந்து கருவிகள் பழுதடைந்தன. தாழ்ந்த மின்னழுத்தத்தில் திசைவிகள் முழுவதும் அணையாமலும் இயங்காமலும் உறைந்து நின்றன. நினைவக அட்டைகளில் இருந்த மென்பொருள் சிதைந்தது. கோபுரத்தின் உச்சியில் உள்ள கருவியைச் சரிசெய்ய ஒவ்வொரு முறையும் ஆள் ஏறவேண்டியிருந்தது.

மின்னழுத்தம் ஓர் அளவுக்குக் கீழே இறங்கினால் இணைப்பைத் துண்டிக்கும் மலிவான மின்சுற்றுகள் இதன்பின் பொருத்தப்பட்டன. திசைவிகள் குறிப்பிட்ட இடைவெளியில் தாமாகவே வெளி வழங்கி ஒன்றைத் தொடர்புகொண்டு தம் நிலையைத் தெரிவிக்கும் ஏற்பாடும் செய்யப்பட்டது. மருத்துவமனையின் உள்ளூர்ப் பணியாளர்களே பயிற்சி பெற்று, படிப்படியாகப் பராமரிப்பை மேற்கொண்டனர். மருத்துவ உதவியாளர்களைப் பயிற்றுவித்து வெங்கடசாமி கண்ட வெற்றி இங்குக் கணினித் துறையிலும் பின்பற்றப்பட்டது.

2006 நடுவில் இவ்வலையமைப்பின் வழியாக மாதந்தோறும் ஏறத்தாழ 1,500 நோயாளிகள் தேனி மருத்துவர்களிடம் ஆலோசனை பெற்றனர்.

தனி வாழ்க்கையும் விருதுகளும்

வெங்கடசாமி திருமணம் செய்துகொள்ளவில்லை. ஓய்வூதியத்தைக் கொண்டே எளிமையாக வாழ்ந்தார். முதுமையிலும் நாள்தோறும் மருத்துவமனைக்கு வந்தார். 1973 இல் இந்திய அரசின் பத்மசிறீ விருதும், 1987 இல் ஹெலன் கெல்லர் பன்னாட்டு விருதும் பெற்றார். உலகெங்கும் பார்வையிழப்பைத் தடுக்கப் பாடுபடும் சேவா அறக்கட்டளையின் நிறுவன உறுப்பினர்களுள் ஒருவராகவும் விளங்கினார்.

மறைவும் தாக்கமும்

வெங்கடசாமி ஜூலை 7, 2006 இல் மதுரையில் தமது 87 ஆம் வயதில் காலமானார். அப்போது தேனியின் ஐந்து பார்வை மையங்களும் செயல்பட்டுக் கொண்டிருந்தன. இம்முறை வெற்றி பெற்றதைத் தொடர்ந்து அரவிந்தின் ஏனைய மருத்துவமனைகளைச் சுற்றியும் பார்வை மையங்கள் அமைக்கப்பட்டன. பிற்காலத்தில் இவற்றின் எண்ணிக்கை நூறைக் கடந்தது. அரவிந்த் நிறுவனத்துக்கு 2008 இல் உலக நலவாழ்வுக்கான கேட்ஸ் விருதும், 2010 இல் கான்ராட் ஹில்டன் மனிதநேயப் பரிசும் வழங்கப்பட்டன. அக்டோபர் 1, 2018 இல் இவருடைய நூற்றாண்டு நாளில் கூகுள் தன் முகப்பில் இவர் உருவத்தை வெளியிட்டுச் சிறப்பித்தது.